மலையகப் பெருந்தோட்டங்களிற் கருவின் வளர்ச்சி: அளவையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நுவரெலியாவிலிருந்து இறாகலைக்குச் செல்லும் வழியிலே, கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கும் மேலே அமைந்திருப்பது கந்தப்பளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இறாகலை வரை 1903ஆம், 1904ஆம் ஆண்டுகளிலே திறக்கப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதையில், 6,316 அடி உயரத்தில் இருந்த கந்தப்பளை நிலையமே மிக உயர்ந்ததாக விளங்கிற்று. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கென இடப்பட்ட அப்பாதை 1940களிற் கைவிடப்பட்டது. பாதை போயிற்று, தோட்டங்கள் நின்றன. கோட்லோஜ், கொங்கோடியா, பார்க், ஹெதர்செட் எனத் துரைமார் இட்ட பெயர்கள் இன்றும் மக்கள் வாயில் வழங்குகின்றன. தேயிலை மலைகளுக்கிடையே இப்பொழுது கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களும் பரந்துள்ளன; தேயிலையில் வேலை குறைந்த நாட்களில் அவற்றிலே கூலிக்குச் செல்லும் பெண்கள் பலர்.

இத்தோட்டங்களில் நாள் தவறாது நடைபெறும் ஒரு செயல் கொழுந்து நிறுவை. கூடையுடன் வரிசையாக நிற்கும் பெண்களின் கொழுந்து ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று தடவை தராசில் இடப்படும். சாக்கின் எடையும் ஈரத்தின் எடையுங் கழிக்கப்படும். எஞ்சியது அவரவர் பெயருக்கு நேரே எழுதப்படும். குறித்த அளவு எட்டாதவளுக்கு 'அரைப்பேர்'. ஒன்றரை நூற்றாண்டாகக் கொழுந்தின் எடையைக் கணக்குப் பிசகாது பதிந்து வந்த இப்பொருளாதார அமைப்பு, அக்கொழுந்தைப் பறிக்கும் பெண்ணின் வயிற்றிலே வளரும் சிசுவின் எடையைப் பற்றி எப்பொழுது அறியத் தலைப்பட்டது? அறிந்த பின்னர் என்ன செய்தது? இவ்விரு வினாக்களையுமே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். தோட்டப்புறத்திலே 'ஸ்கேன்' என்னும் ஒரே சொல்லால் வழங்கப்படும் கழியொலிப் பரிசோதனை இவ்வரலாற்றிற் பிற்பகுதியிலே வந்து சேர்வது. ஆயினும் அதன் பயனையும் பயனின்மையையும் மதிப்பிடுவதற்கு முற்பகுதியை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தை அரசு சட்டத்தின் மூலம் நோக்கத் தொடங்கியது 1872ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம், கோப்பித் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, அவற்றுக்கு மருத்துவரை அமர்த்த ஏற்பாடு செய்தது. செலவைத் தோட்டங்கள் ஏற்க வேண்டியிருந்தமையால் உரிமையாளர் அதனை விரும்பினாரல்லர். 1880களில் அச்சட்டம் மாற்றியமைக்கப்பட்டது. 1912இல் மீண்டும் புதிதாக இயற்றப்பட்டது. பிரசவித்த பெண்ணுக்கு 30 நாட்களுக்கு உணவும் உறைவிடமும் அளிக்கப்படல் வேண்டும், தகுதியுடையவள் என மருத்துவர் கூறினாலன்றி அந்நாட்களில் அவளை வேலைக்கு ஏவுதல் கூடாது என்னும் விதி, காகிதத்திலாவது, தாய்மையை ஏற்றுக்கொண்டதொன்று. ஆனால் அவ்விதி பிள்ளை பிறந்த கணத்திலிருந்தே தொடங்குகின்றது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அதற்கு முந்திய ஒன்பது மாதங்கள் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. அக்காலத்தில் அப்பெண் ஒரு 'பேர்' மாத்திரமே.

பிறந்த பிள்ளைகள் எவ்வாறு மடிந்தன என்பதைப் பதிவேடுகள் கூறுகின்றன. எனினும் அவை கூறும் முறை கவனிக்கத்தக்கது. 1920களிலே தோட்டங்களிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறு ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. காரணம் என்னும் நிரலிலே அடிக்கடி காணப்படுஞ் சொல் 'பலவீனம்' என்பதாகும். நோயின் பெயர் இதுவன்று. அறியாமைக்கு இடப்பட்ட பெயர். பிள்ளை காலத்துக்கு முன் பிறந்ததா, காலம் நிறைந்தும் வளராது பிறந்ததா, பிறந்த பின் பட்டினியால் நலிந்ததா என்னும் வேறுபாடுகள் யாவும் அவ்வொரு சொல்லுள் அடங்கிவிட்டன. பலவீனம் பிள்ளையினது, பிள்ளையின் பலவீனம் தாயினது, தாயின் பலவீனம் 'கூலி' இனத்தினது. இவ்வாறாக, வேலைத்தலத்திற் பிறந்த ஒரு குறைபாடு இரத்தத்திற் பிறந்ததாக எழுதப்பட்டது.

இதே காலப்பகுதியில் நிகழ்ந்த வேறு சிலவற்றையும் இவ்விடத்துச் சேர்த்து நோக்குதல் பொருத்தமாகும். றொக்கபெலர் மன்றம் 1916இல் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. குருதிச்சோகையை விளைக்கும் அப்புழு தொழிலாளரின் வேலைத்திறனைக் குறைக்கின்றது என்பதே உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லப்பட்ட நியாயம். சோகையுற்ற தாயின் கரு நலிவுறும் என்பது அந்நியாயத்தில் முதன்மை பெறவில்லை. இந்திய அரசின் முகவர் 1923 முதல் கண்டியில் இருந்து தோட்டங்களின் நிலைபற்றி ஆண்டறிக்கைகள் எழுதினார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, கந்தப்பளை போன்ற உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறித்தலில் ஆணைவிடத் தேர்ந்தவளாகிய பெண்ணுக்குக் குறைந்த கூலி. அவள் வீடு திரும்பிய பின் அடுப்பும் தண்ணீரும் விறகும் அவளுடையவை. உணவில் இறுதிப் பங்கும் அவளுடையது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமகூலி கிடைப்பதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கருவின் வளர்ச்சியை ஆராயப் புகுவோர் கருப்பையிலிருந்து தொடங்குவதுண்டு. நாம் 54க்கும் 43க்கும் இடையிலான அந்தப் 11 சதத்திலிருந்து தொடங்குவதே முறையெனக் கருதுகின்றோம்.

சிசுவின் எடை ஓர் அறிவியற் பொருளாக உருப்பெற்ற வரலாறு வேறு நாடுகளுக்குரியது. பின்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்வோ உல்ப்பே 1919இல் 2,500 கிராமை எல்லையாகக் கொண்டு, அதற்குட்பட்டு நிறுக்கும் குழந்தைகளைக் குறைமாதக் குழந்தைகள் எனக் கொண்டார். உலக சுகாதார நிறுவனமும் தொடக்கத்தில் அவ்வழியையே பின்பற்றியது. இதன்படி ஒன்பது மாதமும் நிறைந்து 2,200 கிராமில் பிறந்த பிள்ளையும், எட்டாம் மாதத்திற் பிறந்து அதே எடையுடைய பிள்ளையும் ஒன்றே. முன்னையது வயிற்றிலே பட்டினி கிடந்தது. பின்னையது அவசரப்பட்டு வெளிவந்தது. இவையிரண்டும் வெவ்வேறானவை என்பதை அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 1961இல் ஏற்று, 'குறைமாதம்' என்பதிலிருந்து 'குறைந்த பிறப்பு எடை' என்பதைப் பிரித்தது. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த லூலா லுப்சென்கோ, எத்தனை வாரத்துக் கரு எத்தனை கிராம் இருத்தல் வேண்டும் எனக் காட்டும் வளைகோட்டை வெளியிட்டார். டென்வர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள நகரம். உயர்நிலத்திற் காற்றின் பிராணவாயு அழுத்தம் குறைவாதலின் அங்குப் பிறக்கும் பிள்ளைகள் சிறிதளவு எடை குறைந்திருப்பர். எனவே உலகெங்கும் அளவுகோலாகப் பரவிய அவ்வளைகோடு மலைமேல் வரையப்பட்டதொன்று. கந்தப்பளையைப் பற்றிப் பேசும்பொழுது இச்செய்திக்கு நாம் மீள வேண்டியிருக்கும்.

பிறப்பு எடை என்பது முடிந்த கதையின் கடைசி வரி. பிள்ளை பிறந்து தராசில் இடப்பட்ட பின்னரே அது தெரியவரும். வயிற்றினுள் இருக்கும்போதே அளத்தல் இயலுமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்த நகரம் கிளாஸ்கோ. கிளாஸ்கோ இலங்கைத் தேயிலைக்குப் புதிய ஊரன்று. 1890இல் இலங்கையில் தோட்டங்களை விலைக்கு வாங்கித் தேயிலை வணிகத்தில் உலகப் பெயர் பெற்ற தோமஸ் லிப்டன் பிறந்ததும் முதற் கடை திறந்ததும் அந்நகரிலேதான். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியற் பேராசிரியர் இயன் டொனால்ட், போர்க்காலத்தில் விமானப்படையிற் பணியாற்றியவர். றேடார், சோனார் போன்ற கருவிகளை அறிந்திருந்தவர். கொதிகலன் செய்யும் தொழிற்சாலைகளில் உலோகத்தினுள்ளே மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டறியக் கழியொலி பயன்படுவதை அவர் கேள்வியுற்றார். 1955 யூலையில், அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இறென்புறூவில் இருந்த பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் தொழிற்சாலைக்குச் சென்று, அவற்றின் மீது அக்கருவியைச் செலுத்திப் பார்த்தார். நீர்க்கட்டியும் திண்மக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பொறியியலாளர் தொம் பிறவுண், மருத்துவர் யோன் மக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 யூன் 7ஆந் திகதி லான்செற் இதழில் வெளிவந்தது. உலோகத்தின் பழுதை அறியத் தொழிலாளர் கையாண்ட கருவி மருத்துவத்துக்குள் புகுந்த இவ்வரலாறு, அறிவியல் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கருவி இயங்கும் முறை எளிது. மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வுடைய ஒலி தாயின் வயிற்றின் வழியே செலுத்தப்படும். நீர், தசை, எலும்பு என ஊடகம் மாறும் ஒவ்வோர் எல்லையிலும் அதன் ஒரு பகுதி திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் கணிக்கப்பட்டு உருவமாகின்றது. எக்ஸ் கதிர் போன்று கருவுக்குத் தீங்கு விளைப்பதன்று. இதனைக் கொண்டு கருவை அளக்கும் கலை படிப்படியாக வளர்ந்தது. ஸ்ருவட் கம்பெல் 1960களின் இறுதியிலே தலையின் அகலத்தை அளந்து கருவின் வயதை மதிப்பிட்டார். 1973இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஹியூ றொபின்சன், முதல் மூன்று மாதங்களுள் உச்சி முதல் அடி வரையான நீளத்தை அளந்தால் வயதைச் சில நாட்கள் வேறுபாட்டுக்குள் கூறலாம் என நிறுவினார். 1975இல் கம்பெல், வில்கின் ஆகிய இருவரும் வயிற்றுச் சுற்றளவிலிருந்து எடையைக் கணித்தனர். 1980களின் நடுப்பகுதியில் ஹட்லொக்கும் அவரைச் சார்ந்தோரும் தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த சூத்திரமே இன்றும் பெரும்பாலான இயந்திரங்களிற் பொதிந்துள்ளது.

வயிற்றுச் சுற்றளவு ஏன் முதன்மை பெறுகின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். நஞ்சுக்கொடி வழியே உணவும் பிராணவாயுவும் குறையும்போது கரு தன் சேமிப்பை எடுத்துச் செலவு செய்கின்றது. அச்சேமிப்பு ஈரலில் உள்ளது. ஈரல் சுருங்க வயிறு சுருங்கும். கிடைக்கும் குருதியைக் கரு மூளைக்கே முதலில் அனுப்புவதால் தலை நெடுநாள் தன் வளர்ச்சியைக் காத்துக்கொள்ளும். தலை பெரிது, வயிறு சிறிது என்னும் அவ்வுருவத்தைத் திரையிற் காணும் மருத்துவர், பஞ்சகாலத்துக் குடும்பமொன்றின் வரவுசெலவைக் காண்கின்றார் என்றே சொல்லத் தோன்றுகின்றது. 1977இல் டப்ளினில் பிற்ஸ்ஜெரால்ட், டிரம் ஆகியோர் கொப்பூழ்க்கொடியின் குருதி ஓட்டத்தையும் இவ்வொலியாற் கேட்கலாம் எனக் காட்டினர். இதயத் துடிப்புகளுக்கு இடையே ஓட்டம் நின்றுவிடுமாயின் கரு ஆபத்தில் உள்ளது.

இத்துணை நுட்பமும் ஒரு சிறு செய்தியின் மீதே தங்கியுள்ளது: கருவின் வயது. இருபத்தெட்டு வாரக் கரு ஏறத்தாழ 1,100 கிராம் இருக்கும்; முப்பத்திரண்டு வாரத்தது 1,800 வரை. திரையிலே 1,300 கிராம் தெரிகின்றது என்றால் அது நன்கு வளர்ந்த இருபத்தொன்பதா, நலிந்த முப்பத்திரண்டா? வயது தெரியாவிடின் எடை பொருளற்றது. முதல் மூன்று மாதங்களுள் எடுத்த ஸ்கேன் வயதை ஒரு வாரத்துக்குள் சொல்லும். இறுதி மூன்று மாதங்களில் முதன்முதலாக எடுக்கப்படுவது மூன்று வாரம் வரை பிழைபடலாம். ஏனெனில் அப்போது கருவின் அளவைக் கொண்டே வயதைக் கூறி, அவ்வயதைக் கொண்டே அளவு சரியென்று கூறும் சுழற்சி நேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2016இல், கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் இருபத்து நான்கு வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் வேண்டும் எனப் பரிந்துரைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், ஒரு தடவை அளந்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பிழை இயல்பானது. வளர்ச்சி என்பது ஓர் அளவையன்று, இரண்டு அளவைகளுக்கிடையிலான வேறுபாடு. குறைந்தது இரண்டு, மூன்று வாரங்கள் இடைவிட்டு மீண்டும் அளத்தல் வேண்டும்.

எனவே முதல் வருகை முந்தியதாக இருத்தல் வேண்டும். வருகை ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளும் தோட்டத்துப் பெண்ணுக்கு எவற்றைக் குறிக்கும்? நுவரெலியா நகரிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குக் கந்தப்பளையிலிருந்து தூரம் பெரிதன்று. பெரிதாக இருப்பது, மேட்டு லயத்திலிருந்து பஸ் பாதை வரை இறங்கும் தூரமும், அன்றைய 'பேர்' இழப்பும். மாதவிடாய் தப்பிய முதல் வாரங்களிலேயே செய்தியை வெளியிடத் தயங்கும் வழக்கமும் உண்டு. அது மூடநம்பிக்கை என எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வேலையில் நெகிழ்ச்சி கிடைக்காத இடத்திலே செய்தியை முன்னதாகச் சொல்வதால் அவளுக்கு வரும் நன்மை யாது?

இயந்திரத்துக்கு முன்னும் அதற்குத் துணையாகவும் நின்றது மருத்துவமாதின் நாடா. பூப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால், இருபத்து நான்கு வாரத்துக்குப் பின் சென்றிமீற்றர் எண்ணிக்கை ஏறத்தாழ வார எண்ணிக்கைக்குச் சமனாக இருக்கும். இலத்தீன் அமெரிக்காவில் ஹொசே பெலிசானும் உடனாய்வாளரும் 1978இல் இவ்வளவையின் பயனைக் கணக்கிட்டுக் காட்டினர். இரண்டு அல்லது மூன்று சென்றிமீற்றர் பின்தங்கினால் ஸ்கேனுக்கு அனுப்புக என்பதே விதி. நாடாவும் பிழைவிடும், ஆயினும் ஒரே கை, ஒரே தாயை, மாதந்தோறும் அளந்து வந்தால் அதன் பிழை குறையும். இங்கிலாந்தின் ஹெட்போட்சயரில் 1911 முதல் மருத்துவமாதர் குழந்தைகளின் எடையைப் பேரேட்டில் எழுதி வைத்தமையாலேயே, பல பத்தாண்டுகளின் பின் டேவிட் பார்க்கர் 1989இல், சிறிய எடையுடன் பிறந்தோர் நடுவயதில் இதயநோயால் மிகுதியாக இறந்தனர் என்பதை நிறுவ முடிந்தது. வயிற்றில் அனுபவித்த பஞ்சம் ஐம்பது வயதில் மீண்டும் வந்து கதவைத் தட்டுகின்றது. வரலாற்று மாணவர் இதனை நோக்குதல் வேண்டும்: ஒரு மருத்துவமாதின் கையெழுத்து, ஆளுநர் ஒருவரின் அறிக்கையிலும் கனதியான ஆவணமாயிற்று.

இனி, உயரம் பற்றிய வாதத்துக்கு வருவோம். கந்தப்பளை ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அந்தீஸ், றொக்கி மலைப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளின்படி ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் பிறப்பு எடை ஏறத்தாழ 100 கிராம் குறைகின்றது. இக்கணக்கு இங்கும் பொருந்துமாயின் 190 கிராம் அளவு மலையின் பங்கு. புறக்கணிக்கத்தக்கதன்று, ஆனால் 3,000 கிராமுக்குரிய பிள்ளையை அது 2,800க்குத்தான் இறக்கும், 2,500க்குக் கீழே தள்ளாது. மலேரியாவும் எடையைக் குறைக்கும் காரணங்களுள் ஒன்று. ஆனால் குளிர்ந்த இம்மலையுச்சிகளில் அது பரவியதில்லை. 1934–35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயும் உயர்மலையைத் தீண்டவில்லை. ஆகவே இயற்கை ஒரு கையாற் சிறிது எடுத்தாலும் மறு கையாற் கொடுத்துள்ளது. மேலும், புள்ளிவிபரங்களில் 'தோட்டத்துறை' எனப்படுவதனுள் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்நிலத் தோட்டங்களும் அடங்கும். அவற்றுக்கு மலையைக் காரணங்காட்ட இயலாது.

இன்னொரு வாதம் நுட்பமானது, அதனாலேயே அபாயகரமானது. தோட்டத்துப் பெண்கள் குள்ளமானவர்கள், ஆகையால் அவர்களின் பிள்ளைகள் சிறியவை, இது இயல்பு என்பதே அது. நொட்டிங்காமைச் சேர்ந்த ஜேசன் கார்டோசியும் உடனாய்வாளரும் 1992இல், தாயின் உயரம், எடை, இனம், முந்திய பேறுகள் ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனி வளைகோடு வரையும் முறையை முன்வைத்தனர். நலமாயுள்ள சிறிய பிள்ளையையும் நலிந்துபோன பிள்ளையையும் பிரித்தறிய அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தாய் ஏன் உயரங் குறைந்தாள்? அவளும் ஒரு காலத்தில் எடை குறைந்து பிறந்தவள். பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவள். அவளுடைய தாயும் அவ்வாறே. மூன்று தலைமுறைப் பட்டினியைத் தாயின் 'இயல்பு' என வளைகோட்டில் ஏற்றினால், நான்காம் தலைமுறைப் பட்டினி வளைகோட்டுக்குள் அடங்கி மறைந்துவிடும். 1920களின் 'பலவீனம்' என்னும் சொல் கணிதவுடை தரித்து மீண்டும் நுழைவதாகவே நாம் இதனைக் காண்கின்றோம். நாக்பூர் உட்பட எட்டு நாடுகளின் நகர்ப்பகுதிகளிலே நல்லுணவும் நல்ல பராமரிப்பும் பெற்ற தாய்மாரைத் தேர்ந்து ஆராய்ந்து 2014இல் வெளியான இன்டர்குறோத் ஆய்வு, அத்தகைய தாய்மாரின் கருக்கள் நாடு வேறுபட்டாலும் பெரும்பாலும் ஒத்த அளவில் வளர்கின்றன எனக் கண்டது. அதனோடு உடன்படாதோரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வளைகோடுகள் நாட்டுக்கு நாடு ஓரளவு வேறுபாட்டைக் காட்டின. விவாதம் முடியவில்லை. எனினும், உள்ளதை அளக்கும் கோலும் இருக்கவேண்டியதை அளக்கும் கோலும் ஒன்றல்ல என்பதில் நாம் தெளிவாயிருத்தல் நன்று.

அளந்தறிந்த பின் என்ன? வயிற்றினுள் நலியும் கருவை வளர்ப்பதற்கு மருந்தேதும் இல்லை. மருத்துவர் செய்யக்கூடியது அடிக்கடி நோக்குதல், குறைமாதத்திற் பிறக்குமெனின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசியிடுதல், தக்க வேளையில் தக்க வைத்தியசாலையிலே பிரசவிக்கச் செய்தல் என்பனவே. ஆபத்துள்ள கர்ப்பங்களிற் கொப்பூழ்க்கொடியின் குருதியோட்டத்தை அளத்தல் சிசு மரணங்களைக் குறைக்கின்றது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பாற் பெறப்பட்டுள்ளது. இறந்து பிறக்கவிருந்த பிள்ளை உயிருடன் பிறத்தல் சிறிய நன்மையன்று. ஆயின் அதே பிள்ளை 2,100 கிராமிலிருந்து 2,800 கிராமாக மாறுவது ஸ்கேனால் ஆவதன்று.

அனைவருக்கும் ஸ்கேன் எடுத்தாற் போதும் என்னும் எண்ணத்தைச் சோதித்த பேராய்வுகள் சில உள. ஐக்கிய அமெரிக்காவிலே 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்தி 1993இல் வெளியான ஆய்வு, ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளுக்கு வழமையாக ஸ்கேன் எடுப்பதாற் பிள்ளைகளின் நலம் உயரவில்லை எனக் கண்டது. அது செல்வ நாடு எனலாம். கொங்கோ, குவாத்தமாலா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமங்களுக்குக் கருவியைக் கொண்டுசென்று, உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சியளித்து நடத்திய ஆய்வும் 2018இல் ஏறத்தாழ அதே முடிவையே தந்தது. தாய்மார் வைத்தியசாலையை நாடுதலும் கூடவில்லை, மரணங்களும் குறையவில்லை. மறுபுறத்தே, காம்பியாவின் கேனெபா பகுதிக் கிராமங்களில் வயலில் உழைக்கும் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை சேர்ந்த பிஸ்கற்றுகள் நாள்தோறும் வழங்கப்பட்டன. 1997இல் வெளியான முடிவின்படி பிறப்பு எடை சராசரியாக 136 கிராமும், பஞ்சப் பருவத்தில் 201 கிராமும் உயர்ந்தது. எடை குறைந்த பிறப்புகள் நூற்றுக்கு 39 வீதம் குறைந்தன. கடின உழைப்பு, குறைந்த உணவு என்னும் இரண்டும் சேர்ந்த பருவத்திலேயே உணவின் பலன் மிகுந்தது என்பது தேயிலை மலைக்கு நேரடியாகப் பொருந்துவது.

இலங்கை அரசு இவ்வுண்மையை அறியாததன்று. கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான திரிபோஷா மா 1973இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தோட்டங்களிலே பட்டினியும் இறப்பும் பெருகிய ஆண்டுகள். உணவு இறக்குமதி சுருங்க, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைய, காணியற்ற தோட்டத் தொழிலாளர் பிறரிலும் கொடிதாகப் பாதிக்கப்பட்டனர். பயிரிட ஒரு துண்டு நிலமும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் கேட்பதற்கு வாக்குரிமையும் இல்லாதவர்கள் அவர்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சில அரசின் பொறுப்பில் வந்தன. வைத்தியசாலைப் பிரசவம் ஏறத்தாழ முழுமையாயிற்று. சிசு மரணம் பெரிதும் வீழ்ந்தது. இச்சாதனைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் 2006–07ஆம் ஆண்டுகளின் குடிசனச் சுகாதார ஆய்வில், நாடு முழுவதிலும் ஆறில் ஒரு பிள்ளை எடை குறைந்து பிறக்க, தோட்டத்துறையில் பத்தில் மூன்று பிள்ளைகள் அவ்வாறு பிறந்தன. 2016ஆம் ஆண்டின் ஆய்வில் நிலை சற்றுத் திருந்திற்றாயினும் இடைவெளி மறையவில்லை. பிள்ளைகள் இறப்பதில்லை, சிறியவையாகப் பிறக்கின்றன. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே, செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியபோது, மக்காச்சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷாவும் தடைப்பட்டது.

சட்டத்துக்குத் திரும்புவோம். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் சட்டம் தொழிலாளப் பெண்ணுக்குச் சம்பளத்துடனான ஓய்வை முதன்முதலாக வழங்கிற்று: பேற்றுக்கு முன் 2 வாரம், பின் 4 வாரம். 1985இல் முதலிரு பிள்ளைகளுக்கு அது 12 வாரமாயிற்று. 2018இல் பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றிய வேறுபாடு நீக்கப்பட்டது. கூட்டப்பட்ட வாரங்கள் யாவும் பேற்றுக்குப் பின்னரே கூட்டப்பட்டன. முன்னைய 2 வாரம் 2 வாரமாகவே நிற்கின்றது. தாய்ப்பாலுக்கும் தாயின் தேறுதலுக்கும் பின்னைய வாரங்கள் வேண்டியவையே. ஆனால் கரு தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெறுவது இருபத்தெட்டாம் வாரத்துக்கும் நாற்பதாம் வாரத்துக்கும் இடையில். அந்தப் பன்னிரண்டு வாரங்களிற் பத்தினை அது கொழுந்து மலையிலே, சரிவில் நிற்கும் தாயின் வயிற்றிலே கழிக்கின்றது. அக்காலத்தில் தீங்கான வேலை தரலாகாது எனப் பிற்காலத் திருத்தங்கள் கூறுகின்றன. சில தோட்டங்களில் இலகு வேலை கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆயினும் கொழுந்து பறித்தல் தீங்கான வேலையா என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. பெரட்டுக் களத்தில் நிற்பவர் முடிவு செய்கின்றார்.

நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாக உயர்ந்தபோது, பல தோட்டங்களிற் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கூலிப் பேச்சுவார்த்தைகளிலே கிலோக் கணக்கு ஒவ்வொரு முறையும் மேசைக்கு வருகின்றது. இருபத்தெட்டாம் வாரத்துக்குப் பின் கர்ப்பிணிக்குரிய கொழுந்தளவு என்ன, பன்னிரண்டாம் வாரத்துக்கு முன்னும் முப்பதாம் வாரத்துக்குப் பின்னும் ஸ்கேனுக்குச் சென்ற நாட்கள் செக்றோலில் முழுப்பேராக எழுதப்படுமா என்னும் இரு வினாக்களை அம்மேசையில் வைத்தல் தொழிற்சங்கங்களுக்கு இயலாத காரியமன்று. கர்ப்பவதிப் பதிவேட்டின் வளைகோட்டையும் அதே மாதத்துச் செக்றோலையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஆய்வினை, பேராதனையிலோ கொழும்பிலோ மருத்துவ மாணவரும் வரலாற்று மாணவரும் கூடி மேற்கொள்ளலாம். முதலாவது ஏடு மருத்துவமாதிடம் இருக்கின்றது. இரண்டாவது தோட்டத்துக் காரியாலயத்தில்.